காப்புக் கட்டிய கையும் மூன்று ஊசியும்

தண்ணீர் போகும்போது எரிச்சல் இருக்கிறதா என்று நான் கேட்டது மருமகளிடம். பதில் சொன்னது மாமியார்.

"எரிச்சலெல்லாம் இல்ல மிஸ்ஸி, கொஞ்சம் சூடுதான். பார்லி காய்ச்சிக் குடுத்துக்கிட்டு இருக்கேன்."

வாந்தி நின்றுவிட்டதா என்றேன். நின்றுவிட்டதாம். இரவில் தூக்கம் வருகிறதா என்றேன். நன்றாக வருகிறதாம். எல்லாம் மாமியார் வாயால்தான். வயிறு லேசாக மேடிட்டிருந்த தனலெட்சுமி, கைப்பையின் ஜிப்பைத் திறப்பதும் மூடுவதுமாக உட்கார்ந்திருந்தாள்.

இருபத்து மூன்று, இருபத்து நான்கு வயதிருக்கும் அவளுக்கு. செண்டாயான் பக்கம் ஒரு தொழிற்சாலையில் வேலை பார்த்தவள், கல்யாணமாகித் தம்பின் ஊருக்கு வந்து அதிக நாளாகவில்லை. மாமியார் பாக்கியம் தன் சின்ன வெள்ளைக் காரைத் தானே ஓட்டிக்கொண்டு, மருமகளை மாதம் தவறாமல், நான் மிஸ்ஸியாக, அதாவது நர்ஸாக, இருந்த கிளினிக்குக்குக் கூட்டி வருவார். அக்கறை இல்லாதவர் என்று யாரும் சொல்ல முடியாது. அன்றைக்கு அந்த அக்கறைதான் எனக்குத் தலைவலியாக இருந்தது.

என் மேசை மேல் தனத்தின் ரத்த முடிவு கவிழ்த்து வைக்கப்பட்டிருந்தது. சிபிலிஸ் என்று வந்திருந்தது. நம் ஆட்கள் மேகநோய் என்று குரலைத் தாழ்த்திச் சொல்வார்களே, அதுதான். இதை அவளிடம் தனியாகத்தான் சொல்ல வேண்டும். மாமியார் காதில் விழுந்தால் என்ன நடக்கும் என்பதை உங்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை.

டாக்டர் தனியாகப் பார்க்க வேண்டும் என்றேன். தாராளமாகப் பார்க்கட்டும், தான் ஓரமாக உட்கார்ந்துகொள்வதாகச் சொன்னார் பாக்கியம். அந்த அறையில் ஓரம் என்று ஒன்றே கிடையாது. பல்லைக் கடித்துக்கொண்டு, வெளியே நிற்கும் வெள்ளைக் கார் அவருடையதா, சமன் எழுதி அபராதம் போடுகிறார்களே என்றேன். சாவியைத் தூக்கிக்கொண்டு ஓடினார். நான் கதவைச் சாத்தித் தாழ் போட்டேன்.

கிடைத்த நேரத்துக்குள் சொல்லி முடித்தேன். இது ஒரு கிருமி. உடலுறவில் ஒட்டிக்கொள்ளும். வெளியே ஒன்றும் தெரியாமலே உடம்புக்குள் வருடக்கணக்கில் இருக்கும். கர்ப்பிணியிடமிருந்து பிள்ளைக்குப் போகும், கவனிக்காமல் விட்டால் பிள்ளை வயிற்றிலேயே இறந்துபோகலாம். ஆனால் பெனிசிலின் ஊசிக்கு அடங்கிவிடும். எப்போது தொற்றியது என்று தெரியாததால் டாக்டர் வாரத்துக்கு ஒன்றாக மூன்று ஊசி எழுதியிருக்கிறார். ஒரு வாரமும் தவறக் கூடாது. கணவனுக்கும் ரத்தம் பார்க்க வேண்டும், அவனுக்கும் ஊசி போட வேண்டும், இரண்டு பேருக்கும் முடிகிற வரை சேரக் கூடாது. அவனை விட்டுவிட்டு உனக்கு மட்டும் போட்டால், அவனிடமிருந்து மறுபடி உனக்கு வரும், உன்னிடமிருந்து பிள்ளைக்குப் போகும்.

அவள் அழவில்லை. "எனக்கு எப்படி மிஸ்ஸி?" என்று மட்டும் கேட்டாள். நான் பதில் சொல்வதற்குள் அவளே தலையைக் குனிந்துகொண்டாள். கதவு தட்டப்பட்டது. ரோட்டில் சமன் எழுதுகிறவர் யாரையும் காணோமே என்றபடி பாக்கியம் உள்ளே வந்தார்.

குடும்பப் பத்திரிகையில் இதெல்லாமா?

இதை எழுதப் போகிறேன் என்றதும், இந்தத் தொடரை விடாமல் படித்துத் திருத்தம் சொல்லும் என் தோழி முகம் சுளித்தாள். குடும்பத்தோடு படிக்கிற பத்திரிகையாம். குடும்பத்துக்குள்தானே அம்மா இந்த நோய் வருகிறது? தெருவில் நின்று யாரும் வாங்கிக்கொள்வதில்லை. பெயர்களையும் அடையாளங்களையும் மாற்றிவிட்டேன், பயப்பட வேண்டாம்.

முப்பது வருடத்துக்கு மேல் வெள்ளை உடுப்பில் இருந்தேன். இத்தனை வருடத்தில் எனக்கு அதிகமாக எரிச்சலூட்டியது கிருமிகள் இல்லை. கிருமிகள் சொன்னபடி கேட்கும், சரியான மருந்தைச் சரியான அளவில் கொடுத்தால் செத்துப்போகும். மனிதர்கள்தான் கேட்க மாட்டார்கள்.

கர்ப்பமாகிற பெண்கள் எல்லாருக்கும் ரத்தம் பார்க்கிறோம். நல்ல வழக்கம்தான், எத்தனையோ பிள்ளைகளைக் காப்பாற்றியிருக்கிறது. ஆனால் கணவன்மார்களை யாரும் அப்படிக் கூப்பிட்டு உட்கார வைத்துப் பார்ப்பதில்லை. அதனால் முதலில் தெரிய வருவது பெண்ணுக்கு, கெட்ட பெயரும் பெண்ணுக்கு. கொண்டுவந்து கொடுத்தவர் லாரியில் ஏறிப் பாட்டுப் போட்டுக்கொண்டு போய்க்கொண்டே இருப்பார்.

பார்லியும் பாதி மருந்தும்

சூடு என்று சொன்னேன் இல்லையா, அதைப் பற்றிக் கொஞ்சம் புலம்பிக்கொள்கிறேன்.

வெள்ளை பட்டால் சூடு. அடிவயிறு வலித்தால் சூடு. தண்ணீர் போகும்போது எரிந்தால் அது பெரிய சூடு. பார்லித் தண்ணீர், இளநீர், தலைக்கு நல்லெண்ணெய். நானும் பார்லி குடிப்பவள்தான், எனக்கு அதன் மேல் கோபம் இல்லை. ஆனால் உள்ளே கிளமிடியா என்று ஒரு கிருமி உட்கார்ந்துகொண்டு கருக்குழாயைச் சத்தமில்லாமல் கெடுத்துக்கொண்டிருக்கும்போது இவர்கள் பார்லி காய்ச்சிக்கொண்டிருப்பார்கள். பெரும்பாலான பெண்களுக்கு வலிகூட இருக்காது. பிறகு பிள்ளை இல்லை என்று கோயில் கோயிலாக ஏறி இறங்குவார்கள். அப்போதும் குறை அவளுக்குத்தான். ஒரு வாரம் மாத்திரை சாப்பிட்டால் போகிற நோய்.

ஆண்களின் கதை வேறு மாதிரி. வெட்டை நோய் என்கிற கொனோரியா வந்து சீழ் வடிந்தால் மட்டும் அலறிக்கொண்டு வருவார்கள். அதுவும் எங்களிடம் இல்லை. கூட்டாளி ஒருவன் எப்போதோ பல்வலிக்கு வாங்கி மிச்சம் வைத்த கேப்சூல் ஒரு போத்தலில் இருக்கும். அதில் இரண்டை விழுங்குவார்கள். எரிச்சல் குறைந்ததும் மீதியை இன்னொரு கூட்டாளிக்குப் பத்திரமாக எடுத்து வைப்பார்கள். சாப்பாட்டைப் பகிர்ந்து சாப்பிடுங்கள் என்றால் கேட்காதவர்கள், மருந்தை மட்டும் ஆளுக்குப் பாதியாகப் பகிர்ந்துகொள்வார்கள். இப்படி அரைகுறையாகச் சாப்பிட்டுச் சாப்பிட்டே அந்தக் கிருமிக்குப் பழைய மாத்திரைகள் பழகிப்போய்விட்டன. இப்போது வெட்டை நோய்க்கு ஊசிதான் போட வேண்டியிருக்கிறது.

ஒருவன் என்னிடம் வந்து, தனக்குச் சரியாகிவிட்டது, மனைவிக்கு எதுவும் தெரிய வேண்டாம் என்றான். அவளுக்கு ஒட்டியிருந்தால் என்று கேட்டேன். அவள் வீட்டோடு இருக்கிறவள், அவளுக்கு எப்படி ஒட்டும் என்று என்னையே கேட்டான். நான் எழுந்துபோய் ஒரு குவளைத் தண்ணீர் குடித்துவிட்டு வந்தேன்.

சரி, தனத்திடம் வருகிறேன்.

விபூதி ஆற்றிய புண்

தனத்தின் கணவன் குணசேகரன் நெடுந்தூர லாரி ஓட்டுகிறவன். போனில் கூப்பிட்டால் எடுக்கவில்லை. முதல் ஊசிக்குத் தனம் வந்தபோது விசாரித்தேன். மாமியார் அப்போது காருக்குள் உட்கார்ந்து பாதுகாப்பாகக் கிளினிக் வாசலைக் கவனித்துக்கொண்டிருந்தார். ரத்தத்தில் ஏதோ குறை, அதற்கு ஊசி என்று மட்டும் அவரிடம் சொல்லியிருந்தாள் தனம். கணவனிடம் விஷயத்தைச் சொன்னாளாம். உனக்கு வந்ததை என் தலையில் கட்டாதே என்று அவன் கத்தினானாம். இப்போது எஸ்டேட் கோயிலில் தீமிதிக்குக் காப்புக் கட்டிக்கொண்டு அங்கேயே தங்கியிருக்கிறானாம்.

காப்புக் கட்டியிருக்கிறான் என்றதும் எனக்குப் பாதி நிம்மதி. மணிக்கட்டில் மஞ்சள் கயிறு ஏறிவிட்டால் கவிச்சி கிடையாது, பீர் கிடையாது, மனைவி பக்கம் படுக்கை கிடையாது. இரண்டு பேரும் தள்ளியிருக்க வேண்டும் என்று நான் தொண்டை கிழியச் சொன்னதை ஒரு முழக் கயிறு சுலபமாகச் செய்துவிட்டது. ஆனால் திருவிழா முடிந்து காப்பை அவிழ்த்ததும் அவன் வீட்டுக்குத்தான் வருவான். அதற்குள் அவனைப் பிடித்தாக வேண்டும்.

ஞாயிற்றுக்கிழமை காரை எடுத்துக்கொண்டு போனேன். கோலா பிலா சாலையிலிருந்து எண்ணெய் எடுக்கும் செம்பனைத் தோட்டத்துக்குள் பிரிகிற மண் பாதை. அந்த எஸ்டேட்டில் இப்போது குலை வெட்டுவது எல்லாம் வெளிநாட்டுப் பிள்ளைகள். நம் குடும்பங்கள் தாமான் என்கிற டவுன் குடியிருப்பு வீடுகளுக்குப் போய்விட்டன. திருவிழாவுக்கு மட்டும் எல்லாரும் கார் கட்டிக்கொண்டு வந்துவிடுவார்கள். கோயிலுக்குப் பின்னால் பூக்குழிக்கு விறகு இறக்கிக்கொண்டிருந்தார்கள். குணா மஞ்சள் வேட்டியோடு, வெற்றுடம்பில் விபூதிப் பட்டையோடு நின்றான். கோயிலுக்கு வந்த சொந்தக்காரி மாதிரி அவனைக் கூப்பிட்டு, செம்பனை நிழலுக்கு ஒதுக்கிக்கொண்டு போனேன்.

தனக்கு ஒன்றுமே இல்லை என்றான். எப்போதாவது அந்த இடத்தில் புண் வந்ததா என்று கேட்டேன். தோளில் ஒட்டியிருந்த விறகுத் தூசியைத் தட்டினான். பிறகு, கல்யாணத்துக்குக் கொஞ்ச நாள் முன்னால் ஒரு புண் வந்ததாகச் சொன்னான். வலிக்கவே இல்லையாம். பயந்துபோய் அம்மனிடம் வேண்டிக்கொண்டு தினமும் கோயில் விபூதியைப் பூசியிருக்கிறான். சில வாரங்களில் தழும்புகூட இல்லாமல் ஆறிவிட்டது. அதற்கு நேர்த்திக்கடன்தான் இந்தத் தீமிதியும் கன்னத்து அலகும்.

அந்தப் புண்ணின் குணமே அதுதான். வலிக்காது, தானாக ஆறும். முகப்பவுடர் பூசியிருந்தாலும் ஆறியிருக்கும். ஆறியது புண் மட்டும்தான், கிருமி உள்ளே போய்விட்டது என்று சொன்னேன். அவன் இரண்டு காதையும் பொத்திக்கொண்டான்.

"ஆத்தா ஆத்திவிட்டது மிஸ்ஸி. இப்ப நான் போயி ஊசி போட்டுக்கிட்டா, நீ ஆத்தல, மிஸ்ஸிதான் ஆத்துனாங்கன்னு ஆத்தா முகத்துக்கு நேரா சொல்ற மாதிரி ஆயிராதா?"

எத்தனையோ சாக்குகளைக் கேட்டவள் நான். பயம், வெட்கம், லாரி முதலாளி லீவு தரவில்லை, கிளினிக்கில் தெரிந்தவர்கள் இருக்கிறார்கள். இப்படி ஒன்றை எதிர்பார்க்கவில்லை. அவன் பொய் சொல்லவில்லை என்பதுதான் என்னை இன்னும் கடுப்பேற்றியது. மனதார நம்புகிறான், அந்த நம்பிக்கைக்கு விலை வயிற்றில் இருக்கிற பிள்ளை.

அதோடு விடவில்லை. விரத உடம்பில் ஊசி ஏறக் கூடாது என்றான். திருவிழா அன்றைக்குக் கன்னத்தில் வேல் குத்தப் போகிறாயே, அது ஏறலாமா என்றேன். "அது சாமி குத்துறது மிஸ்ஸி" என்று சொல்லிவிட்டு விறகு இறக்கப் போய்விட்டான். வண்டியில் வரும்போது ஸ்டியரிங்கை இரண்டு தடவை குத்தினேன்.

காப்பு அவிழ்க்கும் நாள்

தனம் இரண்டாவது ஊசிக்கு வந்தாள், மூன்றாவதுக்கும் வந்தாள். பெனிசிலின் ஊசி சாதாரண வலி வலிக்காது, இடுப்பிலிருந்து கால் வரை இழுக்கும். அவள் உதட்டைக் கடித்துக்கொண்டு படுத்திருப்பாள். மூன்றாவது ஊசி அன்று, நொண்டியபடியே கட்டிலைவிட்டு இறங்கி, கணவன் என்ன சொன்னான் என்று கேட்டாள். ஊசிக்கு அவன் சம்மதிக்கவில்லை என்று மட்டும் சொன்னேன். புண்ணைப் பற்றிச் சொல்ல எனக்கு உரிமை இல்லை. சொல்லவும் தேவைப்படவில்லை. விபூதி விஷயம் அவளுக்கு ஏற்கெனவே தெரிந்திருந்தது. வேண்டுதல் எதற்கு என்று அவள் கேட்டபோது, ஒரு காயம் ஆறியதற்கு என்று அவனே பெருமையாகச் சொல்லியிருக்கிறான்.

"வீட்டுக்கு வந்து பக்கத்துல படுத்தா நான் என்ன மிஸ்ஸி பண்றது? வேண்டாம்னா அத்த காதுக்குப் போயிரும்."

காப்பு அவிழ்க்கிற அன்று நானே கோயிலுக்கு வந்து அவனை இழுத்துக்கொண்டு போகிறேன் என்று வீரமாகச் சொல்லி அனுப்பினேன். எப்படி இழுப்பேன் என்று எனக்கே தெரியாது.

சொன்னபடி போனேன். தீமிதி முந்தின நாளே முடிந்திருந்தது. அன்று மஞ்சள் நீர். பிள்ளைகள் ஒருவர் மேல் ஒருவர் ஊற்றிக்கொண்டு ஓடினார்கள், தரையெல்லாம் மஞ்சள் சேறு. விரதம் இருந்தவர்கள் வரிசையாக நின்றார்கள். பூசாரி மற்ற நாட்களில் பள்ளி வேன் ஓட்டுகிறவர். ஒவ்வொரு கையாகப் பிடித்து, கயிற்றை அவிழ்த்து அம்மன் காலடியில் போட்டுக்கொண்டே வந்தார். குணாவின் கன்னத்தில் சின்னப் புள்ளியாக ஒரு காயம். அன்றிரவு கூட்டாளிகளோடு ஆட்டுக்கறி என்று பக்கத்தில் நின்றவனிடம் சொல்லிக்கொண்டிருந்தான்.

பூசாரி அவன் கையைப் பிடித்தபோது தனம் முன்னால் வந்தாள்.

"ஐயா, அவுக்காதீங்க. நான் ஆத்தாகிட்ட ஒரு வேண்டுதல் வச்சிருக்கேன்."

பூசாரி என்னவென்று கேட்டார். பாக்கியம் மருமகளின் முந்தானையைப் பிடித்து இழுத்தார். தனம் நகரவில்லை.

"புள்ள நல்லபடியா பொறக்கணும்னு நான் மூனு ஊசி எடுத்திருக்கேன். அதே மூனு ஊசிய இவரும் எடுப்பாருன்னு வேண்டிக்கிட்டேன். அது முடியற வரைக்கும் காப்பு கையிலயே இருக்கணும்."

குணா அவளை முறைத்தான். பூசாரிக்கு எந்த ஊசி, எதற்கு என்று ஒன்றும் விளங்கவில்லை, ஆனால் வேண்டுதல் என்ற சொல் விளங்கியது. அவன் கையை விட்டுவிட்டு அடுத்தவன் கைக்குப் போய்விட்டார். என்ன வேண்டுதல் இது என்று குணா ஆரம்பித்தான். அதற்குள் பாக்கியம் குறுக்கே வந்தார். அவர் முகம் வெளிறியிருந்தது. மருமகள் சொன்னால் காதில் விழாது, நான் சொன்னாலும் விழாது. ஆத்தா கணக்கில் ஒன்று நிலுவையில் இருந்தால், அது பேரப்பிள்ளை மேல் வந்து நிற்கும் என்பது மட்டும் அவருக்கு நன்றாகத் தெரியும்.

"புள்ள விசயம்லா. நாளைக்குக் காலையில கெளம்பு" என்றார் மகனிடம்.

மூலையில் நின்ற நான் மஞ்சள் தண்ணீர் சொட்டச் சொட்ட அதைக் கேட்டுக்கொண்டிருந்தேன். முப்பது வருட அனுபவம், டாக்டரின் படிப்பு, நான் செலவழித்த பெட்ரோல் எல்லாவற்றையும் ஓரங்கட்டிவிட்டு ஒரு வேண்டுதல் காரியத்தை முடித்துவிட்டது. சந்தோஷப்பட வேண்டிய நேரத்தில் எனக்கு எரிச்சல்தான் வந்தது.

மறுநாள் அம்மாவே காரை ஓட்டி மகனைக் கொண்டுவந்து இறக்கினார். ரத்தம் பார்த்தோம். நினைத்தபடிதான் இருந்தது. கையில் காப்போடு கட்டிலில் குப்புறப் படுத்தான். கன்னத்தில் வேல் ஏறியபோது ஒரு முனகல்கூட இல்லையாம். என் ஊசிக்கு மட்டும் மருந்து வாங்க உட்கார்ந்திருந்தவர்கள் எல்லாம் திரும்பிப் பார்க்கும்படி கத்தினான். இரண்டாவது வாரம் வந்தபோது, நண்பன் கல்யாணத்தில் பிரியாணியைப் பார்த்துக்கொண்டே தயிர்சாதம் தின்றதைச் சொல்லிப் புலம்பினான். மூன்றாவது ஊசி போட்ட அன்றே நேராகக் கோயிலுக்குப் போய்க் காப்பை அவிழ்த்தானாம்.

பிள்ளைக்கு ஊசி

பிள்ளை பிறந்தது. பெண். ரத்தம் பார்த்தார்கள், நல்லபடியாக இருந்தது. டாக்டர் சொன்னதை ஒன்றுக்கு இரண்டு தடவை கேட்டு உறுதி செய்துகொண்டேன்.

முதல் தடுப்பூசிகளில் ஒன்றுக்கு வந்தபோது பாக்கியம் வெளியே பெஞ்சில் உட்கார்ந்து, பக்கத்தில் இருந்தவளிடம் கதை சொல்லிக்கொண்டிருந்தார். மருமகள் ரத்தம் கெட்டுப்போயிருந்ததாம், அவள் அம்மா வீட்டிலிருந்தே வந்ததாம், தன் மகன் தீ மிதித்துத்தான் பிள்ளையைக் காப்பாற்றினானாம். என் காதில் தெளிவாக விழுந்தது. எழுந்துபோய் உண்மையைச் சொல்ல வாய் துடித்தது. நோயாளி விஷயத்தை வெளியே சொல்லக் கூடாது என்ற விதியை அன்றைக்கு நான் சபித்த மாதிரி என்றும் சபித்ததில்லை.

உள்ளே தனத்திடம், இதெல்லாம் உன் காதில் விழவில்லையா என்று சிடுசிடுத்தேன். விழுகிறது என்றாள். பிறகு, உண்மையிலேயே அப்படி வேண்டிக்கொண்டாயா, அல்லது அந்த நேரத்துக்குச் சொன்னதா என்று கேட்டுவிட்டேன்.

"நெசமாத்தான் மிஸ்ஸி. அந்த வீட்டுல ஆத்தா பேச்சத்தான் கேப்பாங்க. நான் வேற யார்கிட்ட போயி சொல்றது?"

எனக்குக் கண் கலங்கிவிட்டது. மூக்கை உறிஞ்சிக்கொண்டு வேலையைப் பார்த்தேன். ஆணுறை ஒரு பெட்டி எடுத்து அவள் முன்னால் வைத்தேன். ஊசி போட்டுக் குணமானாலும் இந்த நோய் மறுபடி வரும், ஒரு தடவை வந்தால் இனி வராது என்று கிடையாது. அவன் வெளியே வேறு யாரிடமாவது போனால் இதைப் போட வேண்டும், ரத்தம் பார்த்துவிட்டுத்தான் உன்னிடம் வர வேண்டும் என்றேன். அவள் பெட்டியைத் தொடாமல் பார்த்தாள்.

"இதுக்கு நான் என்னன்னு வேண்டிக்கிறது மிஸ்ஸி?"

எனக்குச் சுருக்கென்றது. ஒவ்வொரு தடவையும் இந்தப் பெண் ஆத்தாவைக் கூப்பிட்டுக்கொண்டா இருக்க முடியும்? வெளியே காரில் ஏர்கான் போட்டுக்கொண்டு படுத்திருந்த குணாவை உள்ளே வரச் சொன்னேன். பாக்கியமும் கூடவே எழுந்தார். ஒருவர்தான் வரலாம் என்று சொல்லிக் கதவைச் சாத்தினேன். குணா வழக்கம்போல என்னைப் பார்த்துக்கொண்டு நின்றான், நான்தான் பேசப் போகிறேன் என்று.

"நான் பேசப் போறதில்ல. உன் பொண்டாட்டி பேசுவா" என்றேன்.

தனம் பிள்ளையைத் தோளில் மாற்றிப் போட்டுக்கொண்டாள். பிறகு பெட்டியை எடுத்து அவன் பக்கம் நீட்டினாள்.

"வெளிய போனா இத போடு. திரும்பி வந்தா ரத்தம் பாத்துட்டு வா. பாக்கலன்னா என் பக்கத்துல வராத. இது வேண்டுதல் இல்ல. நான் சொல்றேன்."

குணா என்னைப் பார்த்தான். நான் திரும்பிக்கொண்டு பிள்ளைக்கு ஊசி மருந்தை ஏற்றிக்கொண்டிருந்தேன். பிறகு அட்டைப் பெட்டி கை மாறுகிற சத்தம் கேட்டது.